மாப்பிள்ளையின் குறட்டை

தம்பிக்கு,

இங்கே நானும் அம்மாவும் இரவு முழுக்க நல்ல நித்திரை கொண்டு சுகமாக எழும்பியிருக்கிறோம். நீயும் அப்படித்தானா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் வழக்கத்துக்கு எழுதுகிற சுகவிசாரிப்பு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே. நான் உண்மையாகவே கேட்கிறேன்.

கையில் போன் இருக்க அப்பாவுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் இந்தக் கதையை எடுத்த உடனே, "பிறகு கதைக்கிறன் அப்பா, இப்ப வேலை" என்று வைத்துவிடுகிறாய். நான் அனுப்பிய குரல் பதிவுகளில் ஒன்றைக்கூட நீ கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது பார். கொழும்புக்கு வருகிற இரவு பஸ்ஸில் ஒரு குலை இதரை வாழைப்பழம் போட்டுவிடுகிறேன். அதன் காம்பில்தான் இது கட்டியிருக்கும். பழம் வேண்டுமென்றால் கடிதத்தை அவிழ்த்தே ஆகவேண்டும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் உனக்குக் கலியாணம். அதற்கு முதல் நீ ஒரு நித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கலியாணத்துக்குப் பிறகு அல்ல, முதல். ஏன் இந்த மனுசன் ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று கேட்பாய். அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பொறுமையாக வாசி. எனக்கு இப்போதெல்லாம் எழுதுவதற்கு மாத்திரமல்ல, எதற்குமே நல்ல தெம்பிருக்கிறது! நேற்றுக் கோயிலில் நடந்த பிரசங்கத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டேன். நம்புகிறாயா? இத்தனை வருஷமாக அந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்து பிள்ளையார் வணக்கத்தோடு கண்ணை மூடி, வாழி பாடும்போது திறக்கிற ஆள் நான். பிரசங்கம் முடிந்ததும் ஐயர் என்னிடம் வந்து, "என்ன, இண்டைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார். அவ்வளவு முழிப்பு!

நான் உரும்பிராயிலிருந்து நீர்வேலிக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பொம்பிளைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை குடிவருவான். வந்த முதல் கிழமை எனக்கு ஒரே பயம். கலியாணத்துக்கு முதலே என் குறட்டை ஊர்ப்பிரசித்தம். கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மிசின் மாதிரிச் சத்தம் என்று கூட்டாளிமார் எனக்கு வைத்த பெயர் ‘இறைப்பு மிசின்’. இங்கே புதுச் சனம், புது வீடு, பக்கத்து அறையில் மாமாவும் மாமியும். மானம் போகப்போகிறது என்று நான் படுத்திருக்க, காலையில் மாமா முற்றத்தில் நின்று வேலியால் எட்டிப் பார்த்த அயலவருக்குப் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கடை மருமோன் தோட்டத்திலை மாடா உழைக்கிறான். அதுதான் இந்தக் குறட்டை. நெஞ்சிலை கள்ளம் இருக்கிறவனுக்கு உப்பிடி நித்திரை வருமோ?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் குறட்டை ஒரு நற்சான்றிதழ் ஆகிவிட்டது. உழைப்பாளி என்பதற்கு அத்தாட்சி, வஞ்சகம் இல்லாதவன் என்பதற்கு அத்தாட்சி. நானும் வெட்கத்தை விட்டுவிட்டு ராசா மாதிரி இழுத்தேன். நீ பிறந்து தவழ்கிற காலத்தில் வாயைத் திறந்துகொண்டு குட்டிக் குறட்டை விடுவாய். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "பாருங்கோ, தகப்பனை உரிச்சு வைச்சிருக்கிறான்" என்று காட்டினோம். சண்டிலிப்பாய் ஆட்கள் உன்னை மாப்பிள்ளை பேசி வந்தபோதுகூட, நீ விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுந்ததை உன் பெரியப்பா என்ன சொல்லிச் சமாளித்தார்? "பெடியன் இரவிரவா வேலை செய்யிறவன், பாவம்." அவர்களும் தலையை ஆட்டினார்கள். அதே நற்சான்றிதழ் உனக்கும் கிடைத்துவிட்டது.

இனிச் சீனிக் கதைக்கு வருகிறேன். எனக்கு நீரிழிவு பிடித்த பிறகு இந்த வீட்டில் நடந்த யுத்தம் நீ பார்த்ததுதான். அம்மா பனங்கட்டிப் போத்தலை ஒளித்தாள். வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்காமல் வாழ்வதும் ஒரு வாழ்க்கையா? ஆனாலும் வாழ்ந்தேன். சோற்றைக் குறைத்தேன். குறிஞ்சா இலைச் சுண்டல், பாவற்காய்ச் சாறு என்று உலகத்தில் கசப்பானது எதுவெல்லாம் உண்டோ அதெல்லாம் என் வயிற்றுக்குள் போனது. சொந்த வாழைத்தோட்டத்தில் பழுத்த பழத்தை மணந்து பார்த்துவிட்டு விற்கக் கொடுத்த மனுசன் நான். நீரிழிவுக் குளிசை விழுங்கவும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் இரத்தம் சோதித்தால் சீனி இறங்காது. அதுவும் காலை வெறுவயிற்றுச் சீனிதான் முதல் ஆளாக ஏறி நிற்கும்.

அம்மா சும்மா விடுவாளா? துவைக்க எடுத்த சேட்டுப் பையை எல்லாம் மணந்து பார்ப்பாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. சந்தையிலை ஆர் உங்களுக்கு லட்டு வாங்கித் தாறது?"

"சத்தியமா ஒருத்தரும் தாறேல்லை. நீர் வேணுமெண்டால் என்ரை நாக்கைப் பாரும்."

"நாக்கைப் பாக்கத் தேவையில்லை. இரத்தம் பொய் சொல்லாது."

சாப்பிடாத லட்டுக்குக் குற்றவாளியாக நான் வருஷக்கணக்கில் நின்றேன். கடைசியில் எனக்கே என்னில் சந்தேகம் வந்துவிட்டது. நித்திரையில் எழும்பிப்போய்ப் பனங்கட்டி தின்கிறேனோ என்றுகூட நினைத்தேன். சீனி ஏறியதற்குக் காரணம் நித்திரைக்குள்தான் இருந்தது என்பதில் நான் நினைத்தது பாதி சரி. பனங்கட்டிதான் பிழை.

போன மாரியில் ஒருநாள் கிளினிக்கில் இருக்கிற வாங்கில் அமர்ந்து என் முறைக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்றால் தெரியும்தானே, இருந்த உடனே நித்திரைக்குப் போய்விட்டேன். நான் விட்ட குறட்டையில் வரிசையில் நின்ற பிள்ளை ஒன்று பயந்து அழுததாம். உள்ளே இருந்த புது டொக்டர், உன் வயதுப் பிள்ளை, எழும்பி வெளியே வந்து பார்த்தாவாம். நான் உள்ளே போனதும் இரத்தப் பரிசோதனையைக் கையில் எடுக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து என் கழுத்தைச் சுற்றி அளந்தா! நான், "பிள்ளை, சேட் தைக்கப்போறீங்களோ?" என்று கேட்டேன். அவ சிரித்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினா.

"அம்மா, ஐயான்ரை குறட்டை இடையிலை நிக்கிறதோ?"

"ஓம் பிள்ளை, நிக்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இராது. நெஞ்சு மாத்திரம் அடிச்சு அடிச்சு எழும்பும். நான் முதுகிலை ஒரு தட்டுத் தட்டுவன். பிறகு பெரிசா ஒரு இழுவை இழுத்துப்போட்டுத் திரும்பத் துவங்குவார்."

"எவ்வளவு காலமா அம்மா உப்பிடித் தட்டுறீங்கள்?"

"கலியாணம் கட்டின நாள்தொட்டு."

"அப்ப நீங்கள் எப்ப நித்திரை கொள்ளுறனீங்கள்?"

அம்மா சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை, தம்பி. மத்தியானத்தில் அவள் பாயில் சரிந்தால், "பகல் நித்திரைக்காரி எழும்பும், தேத்தண்ணி போடும்" என்று நான் பகிடி பண்ணாத நாளில்லை. அவள் தலையிடி என்று சொன்னபோதெல்லாம் கண்ணாடியை மாற்று என்றேன். அந்த மனுசி என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னை இரவிரவாக உயிரோடு வைத்திருக்கிறாள், நான் ஒரு முறைகூட அதைக் கண்டதில்லை. காணவும் முடியாது, நான் நித்திரை அல்லவா! வெளியே வந்ததும், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லா ஆம்பிளையளுக்கும் உப்பிடித்தான் எண்டு நினைச்சன்" என்றாள்.

டொக்டர் விளக்கினதை என் பாஷையில் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒருமுறை இறைப்பு மிசினுக்குக் குழாயை மாற்றிப் பூட்டினாய், ஞாபகமிருக்கிறதா? தண்ணீர் வெளியே போகிற பக்கத்து மெல்லிய குழாயைக் கிணற்றுக்குள் உறிஞ்சுகிற பக்கம் பூட்டிவிட்டாய். மிசின் இழுக்க இழுக்கக் குழாய் சப்பளிந்து ஒட்டிக்கொண்டது. மிசின் குளறுகிறது, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. என் தொண்டையும் அதே மாதிரித்தான். நித்திரையில் தசை தளர்ந்து, மூச்சை இழுக்க வழி ஒட்டிக்கொள்கிறது. காற்றுப் போகாது, இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை பதறியடித்து உடம்பை அரைகுறையாக எழுப்பும். ஒரு இழுவை இழுத்துவிட்டுத் திரும்ப நித்திரை, திரும்ப அடைப்பு. இரவு முழுக்க இதே கூத்து. எழும்பினது எதுவும் காலையில் ஞாபகம் இராது, களைப்பு மாத்திரம் இருக்கும்.

"உதுக்கும் சீனிக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?" என்று கேட்டேன். அதற்கு அவ சொன்னதைக் கேட்டதும் எனக்குக் கதிரையிலிருந்து துள்ளவேண்டும் போலிருந்தது. "ஐயா, நாய் கலைச்சால் ஓடுவீங்கள்தானே? ஓடுறதுக்கு உடம்பு தானாச் சீனியை இரத்தத்திலை எடுத்து விடும். ஒவ்வொருக்கா மூச்சு அடைக்கேக்கையும் உங்கடை உடம்பு நாய் கலைக்குது எண்டுதான் நினைக்குது. அந்தப் பதட்டத்திலை சீனி ஏறும், இன்சுலின் சொல்லுறதையும் உடம்பு சரியாக் கேக்காது. நீங்கள் இரவு முழுக்கக் கட்டிலிலை கிடந்து ஓடுறீங்கள் ஐயா." நான் உடனே அம்மாவின் பக்கம் திரும்பி, "கேட்டீரோ? லட்டு இல்லை! லட்டு இல்லை!" என்று கத்திவிட்டேன். வெளியே வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். வருஷக்கணக்காகச் சுமந்த பழி, தம்பி. அதை இறக்கி வைத்த சந்தோஷம் எனக்கல்லவா தெரியும்!

ஆனால் அந்தப் பிள்ளை நியாயமாகவும் கதைத்தா, அதையும் சொல்லவேண்டும். குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த மூச்சடைப்பு இல்லையாம். மூச்சடைப்பு இருக்கிற எல்லோருக்கும் நீரிழிவு வரும் என்றும் இல்லையாம். ஆனால் வருகிற வாய்ப்புக் கூடும், வந்தவருக்குக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகலாம். உடம்பும் கழுத்தும் பருத்தால் இரண்டுக்கும் கதவு திறந்துவிட்ட மாதிரி, அதற்குத்தான் கழுத்தை அளந்தாவாம். நான் பழியிலிருந்து தப்பினேன் என்பதற்காகப் பனங்கட்டிப் போத்தல் திரும்பி வராது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. அதில் எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

பிறகு பரிசோதனைக்குத் திகதி தந்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் வயர்கள் ஒட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, ஓரிரவு படுக்கவிட்டார்கள். உலகத்தில் நித்திரை கொண்டு பாஸ் பண்ணுகிற சோதனை இருக்கிறதென்றால் அதற்கு என்னை விட்டால் ஆர்? முடிவில் அடைப்பு கடுமை என்று வந்தது. கனடாவிலிருக்கிற உன் சின்ன மாமா மூச்சு மிசினை அனுப்பிவைத்தார். சின்னப் பெட்டி, ஒரு குழாய், மூக்கில் மாட்ட ஒரு மூடி. அது மெதுவாகக் காற்றைத் தள்ளித் தொண்டைக் குழாய் சப்பளியாமல் பிடித்திருக்கும். முதல் கிழமை நான் பட்ட பாட்டைக் கேட்காதே. கழற்றி எறிந்தேன், அம்மா திரும்ப மாட்டினாள். "பாம்பைக் கழுத்திலை போட்ட சிவபெருமானே பேசாமல் இருக்கிறார், உங்களுக்கு என்ன வந்தது?" என்று அதட்டினாள்.

பிறகு ஒரு காலை வந்தது. அதை எப்படி எழுதுவது? கண்ணைத் திறந்தேன். தலைக்குள் பாரம் இல்லை. வெளியே குயில் கூவினது எனக்குக் கேட்டது. கட்டிலை விட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனால் வாழையிலை எல்லாம் கழுவி வைத்ததுபோலப் பச்சையாக இருக்கிறது. மழை பெய்யவில்லை தம்பி, என் கண்தான் திறந்திருக்கிறது! உரக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் மாறினேன். அயலில் நின்றவர்கள் எனக்கு லொத்தர் விழுந்துவிட்டது என்று கதை கட்டினார்கள். சந்தோஷத்தை அம்மாவுக்குச் சொல்ல ஓடிவந்தால், வெயில் ஏறின பிறகும் அவள் கட்டிலில். வாய் கொஞ்சம் திறந்தபடி, இரண்டு கையையும் தன் கன்னத்துக்குக் கீழே வைத்து, ஆழ்ந்த நித்திரை. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் உன் அம்மா நித்திரை கொள்வதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கதவடியில் நின்று அழுதேன். பிறகு நானே அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டேன். சாயம் கூடிப்போனது, ஆனாலும் குடித்தாள்.

சீனி எப்படி என்று கேட்பாய். இறங்கத் தொடங்கியிருக்கிறது. முழுக்க மிசினாலேயே என்று நான் மார்தட்டமாட்டேன். டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. சிலருக்கு அதனால் சீனி இறங்கும், சிலருக்குப் பெரிதாக இறங்காது, குளிசையை நிற்பாட்ட நினைக்கவும் வேண்டாம் என்றா. ஆனால் முழிப்பு வந்த மனுசன் நடக்கிறான், கொத்துகிறான், பின்னேரத்தில் பசி என்று கண்டதைத் தேடுவதில்லை. எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கிறது. எதுவென்றாலும் எனக்குச் சரி!

இனி உன் கதை. நீ வேலை செய்கிற கந்தோரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி கரையில் நிற்கிறது, இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் தூரமும் இல்லை என்று வந்ததை நீதான் சொன்னாய். "கொத்துரொட்டியைக் குறைச்சால் சரியாகும் அப்பா" என்றாய். குறை, நல்லது. ஆனால் கலியாணச் சேட்டுக்கு அளவெடுத்தபோது உன் கழுத்து முந்தியதைவிடப் பெருத்துவிட்டது என்று தையல்காரர் சொன்னாரே, அதையும் நீதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அளவு நாடா என் கழுத்தைச் சுற்றினது ஞாபகம் வந்தது. நான் கரையைத் தாண்டி நடுக்கடலில் நின்றபோதுதான் காரணம் தெரிந்தது. நீ இன்னும் கரையில்தான் நிற்கிறாய். காலை வெளியே எடு என்று கத்தாமல் நான் என்ன செய்வது?

பரிசோதனை செய் என்று முதல்முறை போனில் சொன்னதற்கு நீ சொன்ன மறுமொழி: "கலியாணம் முடியட்டும் அப்பா. நோய் வருத்தம் உள்ள மாப்பிளை எண்டு பொம்பிளை வீட்டிலை தெரியவேண்டாம்." ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள்தான். ஆனால் இந்தப் பொய்யைக் குறட்டையே காட்டிக்கொடுக்கும். நீயும் என்னைப்போல் பொம்பிளை வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை. அங்கேயும் ஒரு மாமா காலையில் முற்றத்தில் நின்று, மருமோன் நல்ல உழைப்பாளி என்று அயலுக்குச் சொல்லுவார். அதோடு எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், பக்கத்தில் படுத்திருக்கிற ஒருத்தியைத் தவிர.

இந்தக் கடிதத்தை நான் இன்றைக்கே எழுதியதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. முந்தாநாள் உன் தர்சிகா வந்தாள். கலியாண அழைப்பிதழில் பெயர்கள் சரியோ என்று எங்களுக்குக் காட்ட, பள்ளிக்கூடம் விட்டுப் படிப்பிக்கிற சீலையோடேயே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். அம்மா தேத்தண்ணி வைக்கப் போனாள். அறைக்கதவு திறந்திருக்க, கட்டிலடியில் இருந்த மிசினைத் தர்சிகா கண்டுவிட்டாள்.

"மாமா, உது என்ன?"

கேட்டால் போதும்தானே எனக்கு! கிணறு, குழாய், நாய் கலைத்தது, லட்டு எல்லாம் சொல்லி முடித்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது.

"மாமா, அவருக்கும் மூச்சு உப்பிடித்தான் நிண்டு போறது."

"உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"இரவிலை போனிலை கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே நித்திரையாப் போயிடுவார். குறட்டை கேக்கும். பிறகு ஒண்டும் கேக்காது. எனக்குப் போனை வைக்க ஏலாது மாமா. திரும்ப மூச்சுக் கேக்குமட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பன். கனநாள் அப்பிடியே விடிஞ்சு பள்ளிக்கூடம் போயிருக்கிறன். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, வெக்கப்படுவார்."

தேத்தண்ணித் தட்டோடு அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தட்டை வைத்துவிட்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, அவள் கையைப் பிடித்து, மெதுவாகச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்: "பயப்பிடாதை பிள்ளை. கிட்ட இருந்தால் லேசு. முதுகிலை, இந்த இடத்திலை, ஒரு தட்டுத் தட்டினால்..."

"நிப்பாட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் திடுக்கிட்டுவிட்டார்கள். "அந்தப் பிள்ளைக்குத் தட்டப் பழக்க வேண்டாம்!" அம்மா என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

உனக்குச் சொல்லமாட்டேன் என்று தர்சிகாவுக்குத் தலையாட்டினேன். இதோ சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என்னோடு வைத்துக்கொள், அவளோடு வேண்டாம். பொம்பிளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று நீ மறைக்கிற விஷயத்தைப் பொம்பிளை இரவிரவாகக் காதில் வைத்துக் காவலிருக்கிறாள். இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் உன் அம்மாவின் வேலை அவள் தலையில் ஏறிவிட்டது.

நாளைக்கே போய்த் திகதி எடு. எடுத்ததும் எனக்குச் சொல்ல அவசரப்படாதே, முதலில் அவளுக்குச் சொல். சொல்லிவிட்டுப் போனை நீயே வை. அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளட்டும்.

முழிப்பாக இருக்கும்,
அப்பா